கடப்புறத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் ஏடிவி: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறைந்த ஏரிமேல் ஏடிவியை (எந்தத் தரையிலும் ஓடுகிற நாலு சக்கர வண்டியை) ஓட்டிப் போய், பனிக்கட்டியில் துளை போட்டு, கூடாரம் அடித்து மீன்பிடிக்கிற வீடியோக்களை இப்போது எல்லோரும் பார்க்கிறோம். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அங்கே மணல்மேட்டில் ஓடிய அதே வகை குவாட் பைக் கண்ணிலேயே நிற்கும். அதனால், குமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் கொஞ்சம் ரப்பர் விளையும் (தோட்டமும்), கடப்புறத்தில் (கடற்கரையில்) ஒரு வள்ளத்தில் பங்கும் இருக்கிற ஒருவருக்கு, ஒரே வண்டியில் இரண்டு வேலையையும் முடித்துவிடலாமே என்று தோன்றுவது இயல்புதான். முடிக்கலாம். ஆனால் வண்டியைப் பார்த்துவிட்டு வேலையைத் தேடினால் காசு வீண். என்ன எடை, எந்தத் தரை, எவ்வளவு தூரம் என்று எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் வண்டி பார்க்கப் போக வேண்டும்.

முதல் தவறு, குளிர் நாட்டுக்காரர் சொல்லும் சிறப்புகளை அப்படியே நம் ஊருக்கும் எடுத்துக்கொள்வது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில இயற்கைவளத் துறை, சின்ன ஏடிவி போக வேண்டுமென்றால் தெளிந்த புதுப் பனிக்கட்டி 5 முதல் 7 அங்குலமாவது இருக்க வேண்டும் என்கிறது. அங்கே பயமெல்லாம் வண்டியின் எடையையும் குளிரையும் பற்றித்தான். அதனால்தான் அந்த வீடியோக்களில் எடை குறைந்த வண்டி, சூடாகும் கைப்பிடி, பனி தள்ளும் தகடு, ஆணி பதித்த டயர் என்று பேசுகிறார்கள். நமக்கு வேண்டியது வேறு. வெயிலில் மெதுவாக இழுத்தாலும் சூடேறாத எஞ்சின், உப்பைத் தாங்கும் உடம்பு, சரிவில் கவிழாமல் நிற்கும் தன்மை. இந்த மூன்றையும் அங்குள்ள விமர்சனங்களில் தேடினால் அரை வரிதான் கிடைக்கும்.

சிசியைப் பார்த்து வாங்குவது

கேளிக்கைப் பூங்காவில் ஓடுகிற 110, 125 சிசி வண்டிகளும் ஏடிவி என்ற பெயரில்தான் விற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் இழுவை. அதுவும் செயினில் ஓடும். விலை கம்மி, பார்க்க அழகு. விளைக்குள் ஈரச் செம்மண்ணில் ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்தால் போதும், செயினும் பற்சக்கரமும் தேய்ந்து நிற்கும். இன்னொரு பக்கம், 850 சிசி வாங்கிவிட்டால் எதையும் இழுக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. வேகத்துக்காகச் செய்த பெரிய எஞ்சினைவிட, நாலு சக்கர இழுவையும் லோ கியரும் (மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கும் கியர்) உள்ள 450 – 570 சிசி வேலை வண்டி நமக்கு அதிகம் உழைக்கும். கடையில் கேட்க வேண்டியது நான்கு விஷயம்: நாலு சக்கரமும் இழுக்குமா, லோ கியர் உண்டா, செயினா ஷாஃப்டா (சுழலும் இரும்புத் தண்டு), தண்ணீர் சுற்றிக் குளிரும் எஞ்சினா. சிசியை ஐந்தாவதாகக் கேட்டால் போதும்.

அந்த லோ கியரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல வண்டியை வாங்கியவர்களும் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். இந்த வகையில் பெரும்பாலான வண்டிகள் ஸ்கூட்டர் மாதிரி பெல்ட்டில் ஓடுபவை. மெதுவாக, பாரத்தோடு, ஹை கியரில் இழுத்தால் பெல்ட் வழுக்கும். வழுக்கினால் சூடாகும், கருகும். உலர்ந்த மணல் சக்கரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வெறும் வண்டியே பாரம் இழுக்கிற மாதிரிதான் அங்கே ஓடும். ஆக, டிரெய்லர் மாட்டியிருந்தாலும் சரி, மணலில் இறங்கினாலும் சரி, ஏற்றம் ஏறினாலும் சரி, லோ கியர். ரப்பர் கருகுகிற வாடை ஒருமுறை வந்துவிட்டால், அன்றைய வேலையை நிறுத்திவிட்டு பெல்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். மாற்று பெல்ட் ஒன்றை வண்டியோடு சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடைக் கணக்கில் ஓட்டுபவரை மறப்பது

500 சிசி அளவுள்ள வண்டியில் முன் ரேக் (சுமை கட்டும் கம்பித் தட்டு) 40 முதல் 55 கிலோ, பின் ரேக் 80 முதல் 110 கிலோ வரை தாங்கும் என்று பொதுவாகக் குறிப்பார்கள். இரண்டையும் கூட்டி 150 கிலோ ஏற்றலாம் என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. வண்டி மொத்தம் எவ்வளவு சுமக்கலாம் என்று தனியாக ஒரு எண் உண்டு, அதில் ஓட்டுபவரின் எடையும் அடங்கும். டிரெய்லர் கொக்கி கீழே அழுத்துகிற எடையும் அடங்கும். 75 கிலோ ஆள், பின்னால் ஐஸ் போட்ட மீன் பெட்டி இரண்டு, முன்னால் வலை. அவ்வளவுதான், கணக்கு முடிந்துவிட்டது. வள்ளத்தின் பின்னால் மாட்டும் ஒன்பது குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினே 40 கிலோ பக்கம் வரும். அதை ரேக்கில் படுக்கப்போட்டுக் கட்டினால் முன் சக்கரம் லேசாகி, ஹேண்டில் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

விளையில் இந்த ஆபத்து இன்னும் கூடும். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் எல்லாம் சரிவில் தட்டு வெட்டி நட்டவை. தட்டுக்குத் தட்டு ஏறும்போது வண்டி ஒருபக்கம் சாயும். அந்த நேரத்தில் ரேக்கில் பாதி நிரம்பிய ரப்பர் பால் கேன் இருந்தால், பால் முழுவதும் சாய்ந்த பக்கமே ஓடிவரும். நிரம்பிய கேனைவிடப் பாதிக் கேன்தான் வண்டியைக் கவிழ்க்கும். 300 கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டி மேலே விழுந்தால் தனியாள் தூக்கிவிட்டு எழ முடியாது. பால் வெட்டு நடப்பது இருட்டு விலகாத நேரத்தில், பெரும்பாலும் தனியாக என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பாலை ரேக்கில் ஏற்றாமல், தாழ்வான சின்ன டிரெய்லரில், கேனை நிரப்பி, மூடி இறுக்கி, அசையாமல் கட்டிக் கொண்டுவருவதுதான் சரி. டிரெய்லரில் முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் பாரம் இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் இறக்கத்தில் வண்டியின் வாலைப் பிடித்து ஆட்டும்.

கம்பெனி சொல்லும் இழுவை எடை சமமான, உறுதியான தரைக்குச் சொன்னது. ஈரச் சரிவில் அதில் பாதியைக்கூட நம்ப வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை: பின்னால் இருக்கிற பாரம் தள்ளும்போது எஞ்சினே பிடித்து நிறுத்துகிற வசதி எல்லா வண்டியிலும் இல்லை. இருக்கிறதா என்று கேட்டு, ஒரு இறக்கத்தில் ஓட்டியும் பாருங்கள்.

உப்பை அலட்சியமாக நினைப்பது

அவுட்போர்டு எஞ்சினைக் கடலிலிருந்து எடுத்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவ வேண்டும் என்பது கடப்புறத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே வீட்டில் ஏடிவியை மணலோடு நிறுத்திவிட்டு உறங்கப் போய்விடுவார்கள். அவுட்போர்டு கடலுக்காகவே செய்தது. ஏடிவி அப்படியல்ல. உப்பு முதலில் போகிற இடம் கண்ணுக்குத் தெரியாது: ஒயர்கள் சேரும் கனெக்டருக்குள், சக்கர பேரிங்குக்குள், பிரேக் காலிப்பருக்குள், குழாய்ச் சட்டத்தின் உள்பக்கம். திடீரென்று ஒரு நாள் நாலு சக்கர இழுவை சுவிட்சு வேலை செய்யாது, மெக்கானிக் கியர் பெட்டியைத் திறக்கச் சொல்வார். பல நேரம் கெட்டது பச்சை பூத்த ஒரு கனெக்டராகத்தான் இருக்கும்.

நம் கடற்கரையில் இன்னொன்றும் உண்டு. மணவாளக்குறிச்சி சுற்றுப்புறத்துக் கரு மணலில் இல்மனைட், சிர்கான், மோனசைட் என்ற தாதுக்களோடு கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யவும் இரும்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யவும் பயன்படுகிற பொருள். அந்த மணல் பிரேக் கட்டைக்கும் வட்டுக்கும் நடுவே போனால் என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடற்கரைக்குப் போன அன்றே கழுவ வேண்டும், மறுநாள் என்று வைக்கக் கூடாது. சாதாரணக் குழாய்த் தண்ணீர், நிறைய, அடியிலிருந்து மேலாக. சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால், வெளியே இருக்கிற உப்புத் தண்ணீரை பேரிங் சீலுக்குள் நாமே தள்ளிவிடுவோம், ரேடியேட்டரின் மெல்லிய தகடும் மடங்கிவிடும். கனெக்டர்களைக் கழற்றி, மின்இணைப்புக்கென்றே விற்கும் கிரீஸ் தடவி மாட்டுங்கள். வண்டி புதிதாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. அலை நனைக்கும் ஈரமணல் கெட்டியாக இருக்கிறதே என்று அதில் ஓட்டுவதும் கூடாது. சக்கரம் தெறிக்கிற தண்ணீர் முழுக்க உப்பு.

டயர் காற்றிலும் கவனம் வேண்டும். ஏடிவி டயருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ தான் காற்று. பெட்ரோல் பங்கில் பைக்குக்குப் பிடிக்கிற மாதிரி 28 பிடித்தால் வண்டி பந்து மாதிரி துள்ளும், மணலில் புதையும். பங்கு மானிகள் இவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது. 0 – 15 வரை காட்டுகிற சின்ன மானி ஒன்றும் கால் பம்பும் பெட்டியில் இருக்கட்டும்.

வின்ச்சை வைத்து வள்ளம் இழுப்பது

வின்ச் என்பது வண்டியின் முன்னால் மோட்டாரில் கயிறு சுற்றி இழுக்கும் கருவி. 1,100 முதல் 1,600 கிலோ வரை இழுக்கும் என்று அதன் மேல் எழுதியிருக்கும். அது உருளையில் கடைசிச் சுற்று கயிறு மட்டும் மிச்சமிருக்கும்போது கிடைக்கிற இழுவை. மேலே சுற்றுச் சுற்றாகக் கயிறு ஏற ஏற இழுவை குறையும். புதைந்த வண்டியை மீட்பதற்காகக் கொடுத்த கருவி அது, நாள்தோறும் வள்ளம் ஏற்றுவதற்கு அல்ல. வள்ளம் மணலைக் கவ்விக்கொண்டு கிடக்கும். இந்தப் பக்கம் 300 கிலோ வண்டி. இரண்டில் எது நகரும்? ஏடிவிதான் கடலை நோக்கிச் சறுக்கும். கூட நிற்கிறவர்களுக்கு வின்ச்சின் இரும்புக் கயிறு அறுந்து அடிக்கிற ஆபத்து வேறு. வள்ளம் ஏற்ற வேண்டுமென்றால் டிராக்டர், இல்லையென்றால் உருளைக்கட்டையும் ஆள்பலமும். கரமடி (கரையில் நின்று இழுக்கும் வலை) இழுக்கிற இடத்தில் மீன் பெட்டி சுமக்க மட்டும் ஏடிவி போதும்.

டிசம்பர் ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) மணலில் முட்டையிட வரும் காலம். வண்டித் தடம் முட்டைக் குழியை அமுக்கிவிடும், பொரித்த குஞ்சு அந்தப் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்ளும். 1972ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் உள்ள உயிர் அது. அந்த மாதங்களில் இரவில் கடற்கரையில் வண்டி வேண்டவே வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நம் கரையை நம்பி வருகிற உயிர் அது.

பதிவு எண் பற்றிக் கேட்காமல் பணம் கட்டுவது

இந்தியாவில் விற்கும் ஏடிவிகளில் பெரும்பாலானவை சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாதவை. பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. விளைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பஞ்சாயத்து ரோட்டைத் தாண்டினாலும் இது பொருந்தும். விபத்து நடந்தால் காப்பீடும் கை கொடுக்காது. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 வண்டியை டிராக்டராகப் பதிவு செய்யும் வகையிலும் இங்கே விற்றிருக்கிறார்கள். அப்படி ஒன்று வேண்டுமென்றால், விற்பவர் வாயால் சொல்வதை நம்பாமல், ஆர்டிஓ அலுவலகத்தில் அந்த மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். காப்புக்காட்டு வழியாக விளைக்குப் போகிறவர்கள் வனத்துறையிடமும் கேட்க வேண்டும்.

பின்னால் ஒருவரை ஏற்றுவதும் நம் பழக்கம். இருக்கை நீளமாக இருப்பது ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்து எடையை மாற்றத்தான். அதில் இரண்டாவது ஆள் உட்கார்ந்தால் அந்த இடம் போய்விடும். மனைவியும் கணவனுமாகப் பால் எடுக்கப் போகிறவர்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சீட் பெல்ட் போடுகிற, மேலே கம்பிக்கூண்டு உள்ள வண்டியைப் பாருங்கள். விலை கூடும், அகலமும் கூடும். ஏடிவி 4 அடி அகலம்தான், இது அதைவிட அகலம். விளைக்குப் போகிற நடைபாதையை முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் சாவி கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்கான ஏடிவியை 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக் கூடாது என்பதை எந்தக் கம்பெனி வண்டியின் எச்சரிக்கை ஒட்டியிலும் பார்க்கலாம்.

பல வீடுகளுக்கு ஏடிவியே தேவைப்படாது. சமதரையில் வாழையும் தென்னையும் மட்டும் என்றால் சின்ன டிராக்டர் உழவும் செய்யும், சுமக்கவும் செய்யும், ரோட்டிலும் ஓடும், பக்கத்து ஊரிலேயே மெக்கானிக் இருப்பார். மலை எஸ்டேட்டுகளில் இன்றும் பழைய ஜீப்பை விடாமல் வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம். ஜீப்போ டிராக்டரோ நுழையாத தட்டும் ஒற்றையடிப் பாதையும் மணலும் உங்கள் வேலையில் பெரும்பகுதி என்றால் மட்டும் ஏடிவி வாங்குவதில் அர்த்தம் உண்டு.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம். ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது பால்ஜாயின்ட் போயிருக்கும், அது பரவாயில்லை, விலையில் குறைத்துக்கொள்ளலாம். அப்புறம் முன், பின் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். ஆயில் வெள்ளை கலங்கி வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, கடற்கரை வண்டி என்றால் உப்புத் தண்ணீர். அந்த வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.