செடி உறிஞ்சியதா, தொட்டியில் படிந்ததா? கன உலோகச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புராஜெக்ட் சீசன் வந்தால் போதும், வெங்காயத்தாமரையும் அசோலாவும் மிதக்கும் பக்கெட்டுகள் ஆய்வக வராந்தாவை அடைத்துக்கொள்ளும். ஈயம், காட்மியம், குரோமியம் என்று எதையாவது கரைத்து ஊற்றி, செடி அதை உறிஞ்சுகிறதா, தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல வேலைதான். ஆனால் எங்கள் காலத்துக் கோளாறுகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்யும்போது சும்மா இருக்க முடியவில்லை. கையுறை, லேபிள் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

செடி இல்லாத தொட்டி வைக்காதது

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். உலோகம் கலக்காத தண்ணீரில் செடியை வைத்துவிட்டு, "கன்ட்ரோல் வெச்சாச்சு சார்" என்பார்கள். செடி வாடியது உலோகத்தாலா என்று பார்க்க அது போதும். தண்ணீரிலிருந்து உலோகத்தை எடுத்தது செடிதான் என்று சொல்ல வேண்டுமானால், அதே கரைசல், அதே அளவில், அதே வெயிலில், செடியே இல்லாமல் இன்னொரு தொட்டியில் இருக்க வேண்டும்.

ஒரு மாணவி ஹோக்லேண்ட் ஊட்டக் கரைசலில் ஈய நைட்ரேட்டைக் கலந்து வெங்காயத்தாமரையை மிதக்கவிட்டார். சில நாளில் தண்ணீரில் ஈயத்தைக் காணோம், செடி பிரமாதமாக உறிஞ்சிவிட்டது என்று அறிக்கையும் எழுதியாகிவிட்டது. அந்தக் கரைசலில் பாஸ்பேட்டும் சல்பேட்டும் இருக்கின்றன, ஈயம் அவற்றோடு சேர்ந்து கரையாத உப்பாகி அடியில் தங்கும், கொஞ்சம் பிளாஸ்டிக் சுவரிலும் ஒட்டும். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை அழுக்கு என்று நினைத்துக் கழுவி ஊற்றியிருந்தார். மாதிரிக்கு இவ்வளவு என்று காசு கட்டி, வெளியே ஏஏஎஸ் (AAS) என்ற உலோக அளவு காட்டும் கருவியில் அளந்து வாங்கிய எண்கள் அத்தனையும் வீண். மறுபடி செய்ய செமஸ்டரில் நாளும் இல்லை.

கரைசலில் இரும்பு படிந்துவிடாமல் பிடித்து வைக்கச் சேர்க்கும் இடிடிஏ (EDTA) என்ற வேதிப்பொருள் இன்னொரு தொல்லை. அது ஈயத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். செடி பச்சைப்பசேலென்று நிற்கும், உடனே 'இது ஈயத்தைத் தாங்கும் செடி' என்று முடிவு கட்டுவார்கள். தாங்கவெல்லாம் இல்லை, வேருக்குள் சுலபமாகப் போகும் வடிவில் ஈயம் அங்கே அதிகம் இல்லை, அவ்வளவுதான். ஊட்டக் கரைசலை நீர்த்துப்போகச் செய்யுங்கள், பாஸ்பேட்டைக் குறையுங்கள், அப்புறம், எவ்வளவு போட்டோம் என்பதை நம்பாமல் முதல் நாளே தண்ணீரை வடிகட்டி அளந்துவிடுங்கள்.

எல்லாக் குரோமியமும் ஒன்றென்று நினைப்பது

வாணியம்பாடி, ஆம்பூர் தோல் கழிவைப் பற்றித் தலைப்பு வைத்துவிட்டு, பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைப்பார்கள். தோல் பதனிடப் போடுவது குரோமியம் சல்பேட், அதில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். அமிலத்தன்மை இல்லாத தண்ணீரில் அது பெரும்பாலும் படிந்துவிடும். டைகுரோமேட்டில் இருப்பதோ ஆறு இணைதிறன், கரைந்தபடியே நகரும், நச்சும் அதிகம். ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மேட்டைப் பற்றிய ஆய்வு என்றால் டைகுரோமேட் சரி. தோல் கழிவுக்கு அதை வைத்து முடிவு சொன்னால் பாதிப்பைக் கூட்டிச் சொன்னதாகிவிடும்.

மஞ்சள் இலை

எல்லா மஞ்சளும் உலோக நச்சு இல்லை. காட்மியமோ துத்தநாகமோ மிகுந்தால் இரும்புச்சத்து தடைபட்டு இளம் இலை வெளுக்கும், உண்மை. ஊட்டம் தீர்ந்த பழைய பக்கெட்டிலும் இலை வெளுக்கும். உலர் எடையையும் பாருங்கள்.

வேரையும் இலையையும் சேர்த்து அரைப்பது

வேண்டாம். ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும், சேர்த்து அரைத்தால் அது தெரியாது.

வேரைக் குழாயில் காட்டிவிட்டு எடுப்பது

மேலே ஒட்டியிருக்கும் உலோகம் அதில் போகாது. நீர்த்த இடிடிஏ கரைசலில் அலசிய பிறகு உலர்த்துங்கள்.

முடிந்ததும் செடியை ஏரிக்கரையில் வீசுவது

அழுகினால் உலோகம் தண்ணீருக்கே திரும்பும், அதற்குள் மாடும் மேய்ந்துவிடும். உரக்குழியும் கூடாது. உலர்த்தி, பையில் கட்டி, எந்த உலோகம் என்று எழுதி, ஆய்வகத்தின் அபாயக் கழிவோடு கொடுத்துவிடுங்கள். மிச்சக் கரைசலும் அங்கேதான் போக வேண்டும், சிங்க்கில் ஊற்றாதீர்கள்.