ரிப்போர்ட்ல "லெஃப்ட் எஸ்விசி"ன்னு வந்திருக்கா? அடுத்து இதப் பண்ணுங்க

வேற எதுக்கோ எக்கோ இல்ல சிடி எடுத்திருப்பீங்க, ரிப்போர்ட்டோட கடைசில "பெர்சிஸ்டென்ட் லெஃப்ட் எஸ்விசி, கரோனரி சைனஸ் டைலேட்டட்"னு ஒரு வரி இருக்கும், பாத்ததும் பக்குன்னு ஆகும். பதறாதீங்க, இது பொறந்ததுல இருந்தே கூட இருக்குற சமாச்சாரம். (கரோனரி சைனஸ்னா இதயத்தோட சொந்த அசுத்த ரத்தத்த வலது மேலறைக்குக் கொண்டு போற குழாய், டைலேட்டட்னா அது விரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.) தலை, கையில இருந்து ரத்தம் எறங்க கருவுல ரெண்டு பக்கமும் பெரிய ரத்தக்குழாய் (இதுதான் எஸ்விசி) இருக்கும், இடது பக்கத்தது போகப்போக சுருங்கி நாராயிடும். 1000 பேர்ல 3ல இருந்து 5 பேருக்கு அது சுருங்காம நின்னுடுது, அவ்ளோதான்.

இப்ப கார்டியாலஜிஸ்ட்கிட்ட கேக்க வேண்டிய முக்கியமான கேள்வி, அந்தக் குழாய் எங்க போய் சேருதுங்குறதுதான். 10ல 9 பேருக்கு கரோனரி சைனஸ் வழியா வலது மேலறைக்கே போயிடும், அதாவது அசுத்த ரத்தம் போக வேண்டிய எடத்துக்குத்தான் போகுது, மருந்தும் வேணாம் ஆபரேஷனும் வேணாம். இடது மேலறைல சேந்தாதான் வில்லங்கம், ஏன்னா அசுத்த ரத்தம் நுரையீரலுக்குப் போகாம நேரா உடம்புக்குப் போகும், சின்ன ரத்தக் கட்டியோ காத்துக் குமிழியோ மூளைக்குப் போயிட்டா ஸ்ட்ரோக் வரலாம். ரிப்போர்ட்ல தெளிவா இல்லன்னா பபுள் எக்கோ (குட்டிக் குமிழி கலந்த சலைன ஊசில ஏத்தி எக்கோல பாக்குறது) பண்ணலாமான்னு கேளுங்க, ஆனா ஊசி இடது கையில போடணும், வலது கையில மட்டும் போட்டா இது கண்ணுல படாமலே போயிடலாம் (இத நெறைய பேர் கவனிக்குறதில்ல). வலது பக்க எஸ்விசி இருக்கா, இதயத்துல வேற ஓட்டை எதும் இருக்கான்னும் அப்படியே கேட்டுடுங்க.

அப்புறம் ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கங்க. பேஸ்மேக்கர், டயாலிசிஸ் கதீட்டர், ஐசியுல கழுத்து வழியா போடுற சென்ட்ரல் லைன், இதுக்கெல்லாம் முன்னாடியே சொல்லிடணும். இடது பக்கமா வயர் விட்டா அது சுத்தி வளைச்சு கரோனரி சைனஸ் வழியா போகும், எக்ஸ்ரேல லைன் இடது பக்கமா எறங்குறதப் பாத்து ஆர்ட்டரில போயிடுச்சோன்னு டாக்டருங்களே கொழம்புவாங்க. பைபாஸ் மாதிரி ஆபரேஷன்னா சர்ஜன், அனஸ்தீசியா டாக்டர் ரெண்டு பேருக்கும் சொல்லுங்க, இதயத்த நிறுத்துற மருந்த சில சமயம் அந்த கரோனரி சைனஸ் வழியாத்தான் குடுப்பாங்க, இந்தக் குழாய் இருந்தா மருந்து சரியா சேராது. இடது மேலறைல சேருற ஆளுன்னா சாதாரண டிரிப்ஸ் போடும்போது கூட காத்துக் குமிழி போகாம பாத்துக்கச் சொல்லணும், அதுக்குன்னு ஃபில்டர் இருக்கு.

நீங்க மயக்கத்துல இருந்தா யார் சொல்வா? அதனால வீட்ல ஒருத்தருக்காவது இந்தப் பேரு தெரிஞ்சிருக்கட்டும்.