விலை குறைந்த டிரெயில் கேமராவை மான் தடத்தில் பொருத்தும் முறை

மான் வேட்டைக்கு உரிமம் பெற்றவர்கள் விலங்குகளின் நடமாட்டத்தை அறியப் பயன்படுத்தும், விலங்கு கடக்கையில் தானாகவே படமெடுக்கும் டிரெயில் கேமராக்களில், விலை குறைந்தவற்றின் பெருங்குறை, உடல் வெப்பத்தின் அசைவை உணர்ந்த பிறகு படம் எடுக்க அவை எடுத்துக்கொள்ளும் தாமதமே ஆகும். தடத்துக்கு நேர் குறுக்காகப் பொருத்தினால், படம் பதிவாகும் முன்பே மான் கடந்துவிடும். வாலோ வெற்றுப் புதரோ மட்டுமே மிஞ்சும். ஆகவே, தடத்தை ஏறக்குறைய 45 பாகை சாய்வாக நோக்கும்படி, இடுப்பளவு உயரத்தில் கட்டுங்கள். மான் கேமராவின் பார்வைக்குள் அதிக நேரம் இருக்கும். செலவில்லாத இந்த ஒரு மாற்றம் கூடுதல் மெகாபிக்சலைவிட மேலானது என்பது என் உறுதியான கருத்து.

கேமராவின் முன்னுள்ள புல்லையும் தாழ்ந்த கிளைகளையும் அகற்றிவிடுங்கள். வெயிலில் சூடேறிய இலைகள் காற்றில் அசைந்தாலே அது வீணாக இயங்கி பேட்டரியைத் தீர்த்துவிடும். கடுங்குளிரில் அல்கலைன் பேட்டரிகள் விரைவில் வலுவிழப்பதால், கையேடு அனுமதித்தால் லித்தியம் பேட்டரிகளையே போடுங்கள். மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து, தேதியையும் நேரத்தையும் சரிபார்த்துவிடுங்கள். மான் எந்த வேளையில் வருகிறது என்பதுதானே நமக்கு வேண்டிய செய்தி. அமெரிக்காவின் அரிசோனா போன்ற சில மாநிலங்கள் வேட்டைக்கு இக்கேமராக்களைத் தடை செய்திருப்பதால், வாங்கும் முன்பே உங்கள் பகுதியின் விதிகளைப் படித்துவிடுவது அவசியம்.