பூஸ்ட் கன்வெர்ட்டரை ஆற்றல் கணக்கால் கட்டுப்படுத்துவது எப்படி?

12 வோல்ட் பேட்டரியிலிருந்து 24 வோல்ட் எடுக்க ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் செய்தேன். சாதாரண பிஐ கண்ட்ரோலர் (பிழையையும் அதன் கூட்டுத்தொகையையும் கெயின் என்ற எண்களால் பெருக்கித் திருத்துவது) போட்டால் ஒரு லோடில் அசையாமல் நின்றது, லோடை மாற்றினால் ஆடியது. மூன்று வாரம் கெயின்களை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் இந்த வழிக்கு வந்தேன். 1990-களில் ஒர்டேகா, சிரா-ராமிரெஸ் போன்ற ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த, ஆற்றல் கணக்கை வைத்துக் கட்டுப்படுத்தும் 'பாசிவிட்டி' முறை இது. டியூட்டி, இண்டக்டர் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என் பாகங்கள்: இண்டக்டர் 220 மைக்ரோஹென்றி, கெப்பாசிட்டர் 470 மைக்ரோஃபாரட், லோடு 48 ஓம், ஸ்விட்ச்சிங் 50 கிலோஹெர்ட்ஸ்.

படி 1: சமன்பாடு

ஒரு சுழற்சியில் ஸ்விட்ச் திறந்திருக்கும் நேரத்தின் பங்கை 'ஆஃப் பங்கு' என்போம் (1 − டியூட்டி). கீழே 'கரண்ட்' என்பது இண்டக்டர் கரண்ட், 'வோல்டேஜ்' என்பது கெப்பாசிட்டர் வோல்டேஜ்.

இண்டக்டன்ஸ் × கரண்ட் மாறும் வேகம் = 12 − ஆஃப் பங்கு × வோல்டேஜ்
கெப்பாசிட்டன்ஸ் × வோல்டேஜ் மாறும் வேகம் = ஆஃப் பங்கு × கரண்ட் − வோல்டேஜ் ÷ 48

முதல் வரியைக் கரண்டாலும் இரண்டாவதை வோல்டேஜாலும் பெருக்கிக் கூட்டுங்கள். ஆஃப் பங்கு உள்ள இரண்டு உறுப்புகளும் அடிபட்டுப் போகும். பேட்டரி தருவது, லோடு எடுப்பது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சேமிப்பில், அவ்வளவுதான் மிச்சம். ஸ்விட்ச் ஆற்றலை இடம் மாற்றுகிறது, தின்பதில்லை. இதைக் காகிதத்தில் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

படி 2: எதைப் பிடித்து நிறுத்துவது?

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வேண்டியது 24 வோல்ட், ஆகவே வோல்டேஜையே நேராக 24-ல் நிறுத்தினேன். கரண்ட் தறிகெட்டு ஓடியது.

காரணம் இது. வோல்டேஜ் 24-லேயே நிற்கவேண்டுமானால், இரண்டாவது வரிப்படி, ஆஃப் பங்கு = 0.5 ÷ கரண்ட் (24 ÷ 48 = 0.5). இதை முதல் வரியில் போட்டால் வலது பக்கம் 12 − 12 ÷ கரண்ட். கரண்ட் சரியாக 1 ஆம்பியர் என்றால் பூஜ்யம். 1.01 ஆனால் நேர்மதிப்பு, இன்னும் ஏறும், 0.99 ஆனால் எதிர்மதிப்பு, இன்னும் இறங்கும். கரண்ட் கூடினால் ஆஃப் பங்கு குறைகிறது, இண்டக்டர் பேட்டரியோடு கூடுதல் நேரம் இணைந்திருக்கிறது, கரண்ட் மேலும் கூடுகிறது. எந்தக் கெயினும் இதைக் காப்பாற்றாது.

கரண்டை 1 ஆம்பியரில் நிறுத்துங்கள். 24 வோல்ட் தானாக வந்து சேரும்.

படி 3: கண்ட்ரோலர்

ஆஃப் பங்கு = (12 + தணிப்பு × (கரண்ட் − 1)) ÷ இலக்கு வோல்டேஜ்

தணிப்புக்கு நான் 2 ஓம் வைத்தேன். நிஜ ரெசிஸ்டர் இல்லை, கணக்கில் மட்டும் இருப்பது, ஆகவே சூடாகாது. இலக்கு வோல்டேஜ் 24 என்ற மாறிலி அல்ல. கண்ட்ரோலருக்குள் ஓடும் மூன்றாவது மாறி அது:

கெப்பாசிட்டன்ஸ் × இலக்கு மாறும் வேகம் = ஆஃப் பங்கு × 1 − இலக்கு ÷ 48

இலக்கைப் பூஜ்யத்தில் தொடங்காதீர்கள், வகுத்தல் வெடிக்கும். டையோடு வழியாகக் கெப்பாசிட்டர் ஏற்கெனவே 12 வோல்டுக்கு வந்திருக்கும், அங்கிருந்தே தொடங்குங்கள். ஆஃப் பங்கை 0.15-க்கும் 1-க்கும் இடையில் கட்டிப்போடுங்கள்.

படி 4: ஓட்டிப் பார்ப்பது

பைத்தானில் சைபை (SciPy என்ற கணக்கீட்டு நூலகம்) போதும். முதல் நாளே ஸ்விட்ச்சிங் சிமுலேஷனுக்குப் போகவேண்டாம்: 60 மில்லிசெகண்டுக்குள் 3000 சுழற்சிகள், தப்பு எங்கே என்று தேட முடியாது. மேலே உள்ள சராசரி மாதிரியில் (படி 1-ன் சமன்பாடுகள்) அதே 60 மில்லிசெகண்டில் வோல்டேஜ் மேலே தாண்டாமல் 24-ஐ நெருங்கும். நெருங்காவிட்டால் தணிப்பின் குறியைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: லோடை 24 ஓமாக மாற்றி, கரண்டை 1 ஆம்பியரிலேயே நிறுத்தினால் வோல்டேஜ் 17-க்கு விழுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், 1 ஆம்பியர் என்பது 48 ஓமுக்குப் போட்ட கணக்கு. 24 ஓமுக்கு 2 ஆம்பியர் வேண்டும். லோடு கரண்டை அளந்து, அதை இரண்டால் பெருக்கி இலக்குக் கரண்டாகக் கொடுங்கள், மெதுவாக வடிகட்டி. இலக்கு வோல்டேஜ் சமன்பாட்டில் உள்ள 1, 48 இரண்டும் கூடவே மாறவேண்டும்.

பின்சேர்க்கை 2: மிகச் சிறிய லோடில் இது பொய்த்துப்போகும். ரிப்பிள் (ஒரு சுழற்சிக்குள் இண்டக்டர் கரண்டின் ஏற்ற இறக்கம்) சுமார் 0.55 ஆம்பியர், சராசரிக் கரண்ட் அதில் பாதிக்குக் கீழே போனால் ஒவ்வொரு சுழற்சியிலும் டையோடு இடையில் நின்றுவிடும், படி 1-ன் சமன்பாடே செல்லாது. இண்டக்டரைப் பெரிதாக்குங்கள், அல்லது டையோடுக்குப் பதில் இரண்டாவது மாஸ்ஃபெட் (ஸ்விட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) போடுங்கள். எனக்கு மாஸ்ஃபெட் வழிதான் பிடித்தது.