கிராப் செய்யும்போது எதை விடுவது, எதை வைப்பது?

கன்னியாகுமரிக் கரையில் நின்று கைபேசியில் எடுத்த திருவள்ளுவர் சிலைப் படங்களில், சிலை நடுவில் சிறிதாக நிற்க, கீழ்ப்பாதியை அடுத்தவர் தலைகள் அடைத்துக்கொண்டிருப்பதை அடிக்கடி காணலாம். அத்தகைய படத்தை அழித்துவிட வேண்டியதில்லை. ஓரங்களை யோசித்து வெட்டினால் பெரும்பாலும் தேறிவிடும்.

முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில் வேலை செய்யுங்கள். அடுத்து, கடலின் தொடுவானத்தை நேராக்குங்கள். சாய்வைத் திருத்தும்போது மூலைகள் சிறிது வெட்டுப்படும் என்பதால், கிராப் எல்லையை அதன் பிறகே தீர்மானிக்க வேண்டும்.

இனிதான் முக்கியமான வேலை: இந்தப் படம் எதைப் பற்றியது என்று முடிவு செய்வது. சிலையின் மொத்த உயரமான 133 அடியில், பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், அதன்மேல் நிற்கும் உருவத்தின் 95 அடி பொருள், இன்பப் பால்களின் அதிகாரங்களையும் குறிக்கின்றன. ஆகவே முழுச் சிலையைக் காட்ட விரும்பினால் பீடத்தை முழுமையாக வைத்து, அலை மோதும் பாறையையும் கொஞ்சம் கடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகம்தான் வேண்டுமென்றால் தயங்காமல் நெருங்கி, இடையின் மெல்லிய வளைவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். மூன்று விரல் காட்டும் வலக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் விடுபடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே, பீடத்தின் பாதியில் நிறுத்திய வெட்டு கைதவறிப் போனதாகவே தோன்றும். 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்துக்கும் இது பொருந்தும்: விவேகானந்தர் பாறை வரை முழுப் பாலத்தையும் காட்டுங்கள், அல்லது அதன் துண்டு ஓரத்தில் எட்டிப்பார்க்காதபடி சிலையை மட்டும் நெருக்கி வெட்டுங்கள்.

கிராப் கருவியில் தெரியும் கட்டக் கோடுகள் உதவியானவை. வானம் அழகாக இருந்தால் தொடுவானத்தைக் கீழ்க்கோட்டிலும், அலை அழகாக இருந்தால் மேல்கோட்டிலும் வைத்துப் பாருங்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கீழிருந்து எடுத்திருந்தால், தூணின் அடியில் நிற்கும் ஆளையோ மரத்தையோ வெட்டிவிடாதீர்கள், ஏனெனில் அந்த உயரத்தை உணர்த்தும் அளவுகோல் அதுவே.

மனிதர்களிடம் கூடுதல் கவனம் தேவை. தோவாளையில் பூக்கட்டுபவரின் படத்தை மணிக்கட்டு, முழங்கை போன்ற மூட்டுகளில் வெட்டாமல், விரல் நுனிகள் முழுதாகத் தெரியும்படியும், அவர் பார்வை செல்லும் பக்கம் சற்று இடம் இருக்கும்படியும் அமையுங்கள்.

வெட்ட வெட்ட பிக்சல்கள் குறையும் என்பதும் நினைவிருக்கட்டும். 4000×3000 பிக்சல் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் 2000×1500, அதாவது கால் பங்குதான் எஞ்சும். 6×4 அங்குலத் தாளில் தெளிவாக அச்சிட 1800×1200 போதும் என்பதால் அதுவரை கவலையில்லை. ஆனால் கைபேசிப் படம் பொதுவாக 4:3 விகிதத்திலும் அந்தத் தாள் 3:2 விகிதத்திலும் இருப்பதால், பிரிண்டுக்குக் கொடுக்கும் முன் நீங்களே 3:2 விகிதத்தில் வெட்டிவிடுங்கள். இல்லையெனில் எந்த ஓரம் போவது என்பதை இயந்திரம் முடிவு செய்யும்.