கேழ்வரகு வாங்கியதும் பஞ்சால் ஒரு தேய்ப்பு

வேலூர்ப் பக்கம் கேழ்வரகுக் களியும் கூழும் இல்லாத வீடு குறைவு. அதனால்தான் இதைச் சொல்கிறேன். பழைய, வெளுத்த கேழ்வரகைப் புதுசு போலக் காட்ட ரோடமின் பி என்ற சாயத்தை ஏற்றுவது உண்டு. துணிக்குப் போடும் சாயம் அது. பஞ்சுமிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் தடை வந்ததும் இதனால்தான். தொடர்ந்து உடம்புக்குள் போனால் கல்லீரலைக் கெடுக்கும். புற்றுநோய் அபாயமும் உண்டு.

லாங்கு பஜாரில் வாங்கினாலும் சந்தையில் வாங்கினாலும், கைப்பிடி கேழ்வரகை வெள்ளைத் துணியில் பரப்புங்கள். ஒரு பஞ்சைத் தண்ணீரிலும் இன்னொன்றைச் சமையல் எண்ணெயிலும் நனைத்துத் தனித்தனியாக அழுத்தித் தேயுங்கள். இரண்டும் வேண்டும்; ஒன்றில் வராத சாயம் மற்றதில் வரலாம். பஞ்சு சிவந்தால் சமைக்காதீர்கள். பழுப்பாக ஒட்டுவது பெரும்பாலும் மண்தான், பயம் வேண்டாம்.

மாவாக வாங்கினால் இப்படிப் பார்க்க முடியாது. குழந்தைக்குக் கூழ் காய்ச்சுகிறவர்கள் தயவுசெய்து தானியமாக வாங்கி, கழுவிக் காயவைத்து மில்லில் அரையுங்கள். சந்தேகப்பட்டதைக் கொட்டிவிடாமல், கடை ரசீதோடு எடுத்து வைத்து உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் புகார் அனுப்பலாம்.