கேரவன்ல போறப்ப சுங்கை சிப்புட்ல ஒரு ராத்திரி தங்கறது எப்படி

மலேசியாவுல ஈப்போ தாண்டி வடக்க போறவங்க எல்லாம் ஹைவேய புடிச்சி நேரா பினாங்குக்குத்தான் ஓடுறாங்க, கேரவன் வச்சிருக்கறவங்களும் அப்படித்தான், ராத்திரி ஆர் அண்ட் ஆர்ல (ஹைவே ஓரத்து ஓய்வு எடம்) லோரிங்களுக்கு நடுவுல காடிய போட்டுட்டு அந்த இஞ்சின் சத்தத்துலயே படுத்து எந்திரிக்கிறாங்க. அதுக்கு ஈப்போலேர்ந்து பழைய ரோட்டுலயே ஒரு 30 கிலோமீட்டர் வந்தா சுங்கை சிப்புட். சுத்தி கித்தாவும் (ரப்பர்) செம்பனையுமா (எண்ணெப் பனை) இருக்கற பட்டணம், நம்மாளுங்க நெறைய. ஒரு ராத்திரிக்கு அருமையான எடம், ரெண்டு ராத்திரின்னா எனக்கே ஜாஸ்தி.

சாயங்காலம் 5 மணிக்குள்ள வந்துருங்க. இருட்டிருச்சின்னா தரை எப்படி இருக்குன்னும் தெரியாது, யார கேக்கறதுன்னும் தெரியாது. இங்க மத்தியானத்துக்கு மேல இடிமழை சகஜம், அதனால புல்லு பச்சையா அழகா இருக்கேன்னு காடிய எறக்கிறாதீங்க. நான் எறக்கிருக்கேன். பின் டயரு ரெண்டும் ரிம்மு வரைக்கும் உள்ள போயிருச்சி, காலுக்கு போடற மேட்டெல்லாம் சொருகி பாத்தும் ஒண்ணும் நடக்கல, கடசில பழக்கொல ஏத்துற டிராக்டர்ல வந்த அண்ணன்தான் சங்கிலி போட்டு இழுத்து விட்டாரு, காசு நீட்டுனா வாங்க மாட்டேன்னுட்டாரு, "உள்ள எப்படி இருக்குன்னு ஒரு தடவ காட்டுங்க, போதும்"னாரு. கட்டில மடக்குனா மேசையா ஆவுதுல்ல, அத நாலு தடவ மடக்கி விரிச்சி பாத்துட்டுத்தான் எறங்குனாரு. அன்னிலேர்ந்து தாரு இல்லாட்டி கல்லு போட்ட தரையிலதான் நிறுத்தறது.

எங்க நிறுத்தறது? தோட்டத்துக்குள்ள கேக்காம நொழையாதீங்க, அது கம்பெனி நெலம், கேட்டுல காவலுக்கு ஜாகா இருப்பாரு. பட்டணத்து ஓரமா கோயில் பக்கத்துல காலி எடம் இருந்தா கோயில் தலைவரையோ பூசாரி ஐயாவையோ கேளுங்க, திருவிழா நேரம்னா அந்தப் பக்கமே வேணாம். காடில உக்காந்துக்கிட்டே கண்ணாடிய எறக்கி கேக்கக் கூடாது. எறங்கி, ஒட்டுக்கடைல தே தாரிக் (ஆத்துன டீ) ஒண்ணு போடச் சொல்லிட்டு, பக்கத்துல உக்காந்திருக்கற பெரியவருகிட்ட பேச்சு குடுங்க. மந்திரியா இருந்த சம்பந்தன் இந்த ஊருக்காரருதானேன்னு கேட்டாலே போதும், தோட்டங்கள துண்டு துண்டா வித்தப்ப 1960ல அவரு, நம்ம சனங்க தெருவுக்கு வந்துறக்கூடாதுன்னு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சி தோட்டம் வாங்குனதுலேர்ந்து, அதுக்கும் முன்னாடி 1948ல இந்த சுத்துவட்டாரத்துல தோட்டத்து வெள்ளக்கார தொரைங்க மூணு பேர கம்யூனிஸ்டுங்க சுட்டு, வெள்ளக்கார அரசாங்கம் எமர்ஜென்சி போட்டது வரைக்கும் கத வந்துரும். கத முடியறப்ப மெதுவா, "ஐயா, ஒரு ராத்திரி மட்டுந்தான், காலைல பசியாறிட்டு கெளம்பிருவோம், எங்க போட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல?"ன்னு கேளுங்க. கெளம்புற நேரத்த கண்டிப்பா சொல்லணும், அதுலதான் அவங்களுக்கு நிம்மதி.

எண்ணெ ஆலை பக்கம் வேணவே வேணாம், கழிவுக் குட்டை நாத்தம் மெத்தைல ஏறிருச்சின்னா லேசுல போகாது. கித்தா மரத்தடியும் வேணாம், காத்தடிச்சா கிளை சட்டுனு முறியும், காய் வெடிக்கற பருவம்னா கொட்டை கூரைல டப்பு டப்புன்னு விழும். ராத்திரி செம்பனைக்குள்ளேர்ந்து கிறீச்சுன்னு ஒரு சத்தம் கேட்டா பயந்துறாதீங்க, எலி புடிக்க தோட்டத்துலயே பெட்டி வச்சி வளக்கற ஆந்தை அது. எங்க வீட்டம்மா மொத தடவ முனியாண்டி சாமிய கூப்புட்டுட்டாங்க.

கரண்டு யாராச்சும் குடுத்தா ஃபேன், லைட்டோட நிறுத்திக்குங்க, ஏர்கோன் போட்டா பில்லு அவங்க தலைல. வயர் சுருள முழுசா அவுத்து விடுங்க, சுத்துனபடியே இழுத்தா சூடாயி உருகும். ஜெனரேட்டர் வேணாம், ஊரு சீக்கிரம் தூங்கிரும். பாத்திரம் கழுவுன தண்ணிய லோங்காங்குல (சாக்கடைல) ஊத்தாம டேங்குலயே வச்சிக்குங்க, டாய்லெட் டேங்க கண்ட எடத்துல கொட்டாதீங்க, அதுல போடற மருந்து மொத்தமா போனா வீட்டு செப்டிக் டேங்குல இருக்கற நல்ல பாக்டீரியாவ கொன்னுரும், வீட்டுக்கு எடுத்துட்டு போயி கொஞ்சங்கொஞ்சமா ஊத்துங்க.

ராத்திரி சமைக்காதீங்க, கடைல சாப்புடுங்க, எடத்துக்கு வாடக வாங்க மாட்டாங்கல்ல, அந்தக் காசு ஊருக்குள்ளயே போகட்டும். காலைல தோசை, அப்புறம் கெளம்பறப்ப கதவுப் படிய உள்ள இழுத்துட்டீங்களான்னு பாருங்க (நான் ஒண்ண வளைச்சிருக்கேன்). நேரம் இருந்தா அரை மணி நேரத்துல கோலகங்சார், 1877ல வச்ச கித்தா மரம் ஒண்ணு இன்னும் நிக்கிது அங்க. சுங்கை சிப்புட்ல கத சொன்ன பெரியவருகிட்ட திரும்பி வர்றப்ப அத பாத்தேன்னு சொல்லுங்க, தே தாரிக் அவரு கணக்கு.